எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்: பெட்டி ஒன்று, உள்ளே நாலு பேர்

“எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?” எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் உடனே கிடைக்கும். கெட்டுப்போனவர் அந்தக் கம்பெனியைத் திட்டுவார், அதே கம்பெனியின் டிஸ்க் பத்து வருடம் உழைத்தவர் புகழ்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கைத் தயாரிப்பவை இன்று மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பெட்டியின் மேல் வேறு எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று.

அதைவிட முக்கியமான விஷயம், “டிஸ்க் போய்விட்டது” என்று ஒதுக்கப்படும் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கேபிளோ, அடாப்டரோ, உள்ளே இருக்கும் குட்டிப் போர்டோ போயிருக்கும். குறைந்த செலவில் நம்பகமான ஒன்று வேண்டுமென்றால், அந்தப் பெட்டிக்குள் யார் யார் வேலை பார்க்கிறார்கள், அவர்களில் யார் எப்படிக் காலை வாருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிப் பெயர் அதற்கு அப்புறம்தான்.

## பெட்டியைத் திறந்தால்

ஒரு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு உள்ளே அடுக்கியிருக்கிறது. வெளியிலிருந்து வருபவரின் மொழி கிடங்குக்காரருக்குத் தெரியாது, அதனால் வாசலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். கிடங்கு இயங்க மின்சாரம் வேண்டும். சரக்கு வந்துபோகச் சாலை வேண்டும்.

கிடங்குதான் டிஸ்க். மொழிபெயர்ப்பாளர் என்பது யுஎஸ்பி மொழியை டிஸ்க்கின் மொழிக்கு மாற்றும் ஒரு சிறிய சர்க்யூட்; அதைப் பிரிட்ஜ் போர்டு என்பார்கள். டிஸ்க் பேசும் மொழிக்கு சாட்டா என்று பெயர். மின்சாரம் யுஎஸ்பி கேபிள் வழியாகவோ தனி அடாப்டர் வழியாகவோ வருகிறது. சாலைதான் கேபிள். இந்த நால்வரில் ஒருவர் படுத்தாலும் கணினித் திரையில் தெரிவது ஒன்றே: டிஸ்க்கைக் காணோம். அதனால்தான் பழி எப்போதும் டிஸ்க்கின் மேல் விழுகிறது.

## சுழலும் தட்டு

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது சாதாரண ரகம், அதாவது நொடிக்கு 90 சுற்று. 7,200 முறை சுழல்வதும் உண்டு. தட்டின் மேல் ஒரு மெல்லிய கையின் நுனியில் ஹெட் எனப்படும் உறுப்பு மிதக்கிறது. காந்தப் புள்ளிகளை எழுதுவதும் படிப்பதும் அதன் வேலை. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றுதான் ஹெட்டைத் தொடவிடாமல் தாங்குகிறது.

இதை மனதில் வைத்தால் பாதி விதிகள் தானாக விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் ஹெட் தட்டில் மோதிக் கீறும். அணைந்திருக்கும்போது ஹெட் தட்டை விட்டு விலகித் தன் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும், அதனால் அதே வீழ்ச்சியைத் தாங்க வாய்ப்பு அதிகம். ஆகவே கணினியிலிருந்து எடுத்ததும் பையில் போடாதீர்கள். சுழற்சி நிற்கப் பத்துப் பதினைந்து நொடி கொடுங்கள். படுக்க வைப்பதா நிற்க வைப்பதா என்பது பிரச்சினையே இல்லை. ஓடும்போது நிலையை மாற்றுவதுதான் பிரச்சினை. நிற்க வைத்தால் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம் என்பதால் படுக்க வைப்பதே உத்தமம்.

டிஸ்க் இரண்டு அளவில் வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்குவது 2.5 அங்குலம், யுஎஸ்பி கேபிளில் வரும் 5 வோல்ட் மின்சாரமே அதற்குப் போதும். கனமான புத்தகம் போன்றது 3.5 அங்குலம், மோட்டாருக்கு 12 வோல்ட் தேவை, எனவே தனி அடாப்டரோடு வரும். ஒரே இடத்தில் வைத்து நிறையச் சேமிக்க 3.5 அங்குலம், தூக்கிக்கொண்டு அலைய 2.5 அங்குலம். பெரிய கொள்ளளவுக்குப் போகப் போக, ஒரு டெராபைட்டுக்கு ஆகும் செலவு 3.5 அங்குலத்தில்தான் குறையும்.

எஸ்எஸ்டி என்பதில் சுழலும் பாகமே கிடையாது. நினைவகச் சிப்புகள் மட்டும்தான். விழுந்தால் பயமில்லை, வேகமும் பல மடங்கு. ஆனால் ஒரே கொள்ளளவுக்கு விலை அதிகம். தவிர, சிப்பில் தகவல் மின்னூட்டமாகத் தேங்கி நிற்பதால் வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டுவைக்க அது ஏற்றதல்ல. தினமும் கையில் எடுத்துப்போக எஸ்எஸ்டி, எடுத்து வைத்துப் பாதுகாக்க ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொள்வது செலவையும் குறைக்கும்.

## ‘பத்து லட்சம் மணி நேரம்’

டிஸ்க்கின் விவரத் தாளில் “சராசரிப் பழுது இடைவெளி 10,00,000 மணி நேரம்” என்று போட்டிருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 வருடம் வருகிறது. உங்கள் டிஸ்க் 114 வருடம் ஓடும் என்றா அர்த்தம்? இல்லவே இல்லை.

இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஒரு வருடத்தில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் மனித ஆயுள் ஆயிரம் வருடம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த எண்ணும் அப்படித்தான். ஆயிரம் டிஸ்க்குகளை ஒரு வருடம் ஓட்டினால் சுமார் ஒன்பது கெடும் என்பதைத்தான் அது வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு தனி டிஸ்க் எப்போது போகும் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் பொதுவில் வெளியிட்டு வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் வரை கெடுகின்றன. ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் பிரமாதமாகவும் இன்னொன்று மோசமாகவும் இருப்பதை அந்தப் பட்டியலில் பார்க்கலாம். கம்பெனியைப் பார்த்து வாங்குவதில் பெரிய பலன் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அவையெல்லாம் குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடுபவை என்பதையும் நினைவில் வையுங்கள். பையில் குலுங்கும் உங்கள் டிஸ்க்கின் கதி அதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும்.

இதுவரை வந்ததைத் திரட்டினால்: பெட்டிக்குள் டிஸ்க், பிரிட்ஜ் போர்டு, மின்சாரம், கேபிள் என்று நான்கு இருக்கின்றன. டிஸ்க்குக்கு ஆகாதது ஓடும்போது விழும் அடி. எந்தக் கம்பெனியானாலும் நூற்றில் ஒன்றிரண்டு வருடந்தோறும் போகும், உங்களுடையது அதில் ஒன்றாக இருக்கலாம்.

## வாசலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்

பிரிட்ஜ் போர்டைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. நிறையப் பேர் தகவலை இழப்பது இங்கேதான் என்பதால் சற்று நிறுத்திப் பார்ப்போம்.

முதலில், போர்டு தனியாக இருக்கிறதா என்பது. 3.5 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் தனி, போர்டு தனி. போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம். ஆனால் 2.5 அங்குல ரெடிமேட் மாடல்கள் பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் சொந்த சர்க்யூட்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். உள்ளே சாட்டா இணைப்பே கிடையாது. சாக்கெட் ஆடிப் போனால் பெட்டியை மாற்றிப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும். சால்டரிங் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது, பூட்டு. சில மாடல்களில் எழுதும் ஒவ்வொரு தகவலையும் போர்டு தானாகவே மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி, எழுதுகிறது. நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும் இது நடக்கும். போர்டு எரிந்தால், டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கணினியில் மாட்டினாலும் வெறும் குப்பைதான் தெரியும். விவரத் தாளில் ‘ஹார்ட்வேர் என்க்ரிப்ஷன்’ என்று பெருமையாகப் போட்டிருப்பது இதைத்தான். ரகசியம் காக்க வேண்டியவர்களுக்கு அது வரம். குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்த நினைப்பவருக்குத் தேவையில்லாத ஒரு பூட்டு.

மூன்றாவது, பழைய பெட்டிகளின் எல்லை. சில பழைய போர்டுகளுக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. 4 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் பாதிதான் தெரியும், அல்லது குறைந்த கொள்ளளவு காட்டித் தகவலையே குழப்பிவிடும். இன்னும் சில, டிஸ்க்கின் பகுதிகளை வேறு அளவில் கணக்குக் காட்டும். அந்தப் பெட்டியில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை வேறு பெட்டிக்கு மாற்றினால் “ஃபார்மட் செய்யவா?” என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய பெட்டியிலேயே திரும்ப மாட்டிப் பாருங்கள். தகவல் அப்படியே இருக்கும்.

வேகத்துக்கு மட்டும் அதிகம் யோசிக்க வேண்டாம். 2.5 அங்குல டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரை தரும், 3.5 அங்குலம் 250 வரை போகலாம். 5 ஜிகாபிட் யுஎஸ்பி நடைமுறையில் நொடிக்கு 400 எம்பிக்கு மேல் கடத்தும். 10 ஜிகாபிட் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்தக் காசை இரண்டாவது டிஸ்க்குக்கு எடுத்து வையுங்கள். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயரில் விற்பதும் இதே 5 ஜிகாபிட்தான் என்பது உபதகவல்.

## மின்சாரமும் கேபிளும்

நின்றிருக்கும் சைக்கிளை நகர்த்தும் முதல் மிதிதான் கடினம். ஓடத் தொடங்கிய பின் லேசாகிவிடும். டிஸ்க்கும் அப்படியே. 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். ஓட ஆரம்பித்த பின் அதில் பாதி போதும். ஆனால் யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியருக்கும், 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியருக்கும்தான் உத்தரவாதம் தருகின்றன. பெரும்பாலான கணினிகள் அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பதால் பிழைப்பு ஓடுகிறது. ஒரு போர்ட்டைப் பலவாக்கும், தனி மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பில் டிஸ்க், மவுஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்து தொங்கினால் டிஸ்க் ‘டிக்… டிக்…’ என்று முயன்று முயன்று நின்றுவிடும்.

கேபிளிலும் இழப்பு உண்டு. மலிவான, நீளமான கேபிளில் கம்பி மெல்லியதாக இருக்கும். போகவும் வரவுமாக அரை ஓம் தடை இருந்தால், 1 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் கிளம்பியது 4.5 ஆக வந்து சேரும். பல டிஸ்க்குகளுக்கு 4.75க்குக் கீழே ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் திடீரென்று மறைந்து மறுபடி தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. அரை மீட்டருக்குள் இருக்கும் தடிமனான கேபிள் வாங்கி, மேசைக் கணினியானால் முன்பக்கம் விட்டுப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்று போலவே தெரியும். போனோடு வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் 2.0 வேகத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். செருகினால் எல்லாம் வேலை செய்யும், வேகம் மட்டும் நொடிக்கு 35, 40 எம்பியைத் தாண்டாது. டிஸ்க் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

3.5 அங்குலத்துக்கு வரும் அடாப்டர் பொதுவாக 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர். வருடங்கள் போனால் இதுதான் முதலில் தளரும். டிஸ்க் சுழல ஆரம்பித்து நின்று, ஆரம்பித்து நின்று கொண்டிருந்தால் அதே அளவுள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அதே அளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டமான அந்த முனை பல சாதனங்களுக்குப் பொது என்பதால் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர்கூடச் சிலவற்றில் கச்சிதமாக உள்ளே போகும். போன அந்த நொடியில் போர்டு எரியும், டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. வோல்ட்டும், நடுமுனை பாசிட்டிவா என்று காட்டும் குறியும் அச்சாக ஒத்துப்போக வேண்டும்.

போர்டு, மின்சாரம், கேபிள் மூன்றையும் சேர்த்து இவ்வளவு வைத்துக்கொண்டால் போதும்: டிஸ்க்கைத் தனியாகக் கழற்ற முடிகிற, தானாகப் பூட்டாத பெட்டி, குட்டையான கேபிள், சரியான வோல்ட் உள்ள அடாப்டர்.

## ஓடு வேய்ந்ததுபோல் எழுதும் டிஸ்க்

டிஸ்க் தட்டில் தகவல் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. இடத்தை மிச்சப்படுத்த, சில டிஸ்க்குகளில் ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் ஏறியிருக்கும், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல. இந்த முறைக்கு எஸ்எம்ஆர் என்று பெயர். தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத பழைய முறை சிஎம்ஆர்.

கூரையில் நடுவே ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? எஸ்எம்ஆர் டிஸ்க்கில் பழைய இடத்தில் திருத்தி எழுதும்போது அதுதான் நடக்கிறது. இதைச் சமாளிக்க டிஸ்க் முதலில் ஒரு சிறு பகுதியில் வேகமாக எழுதி வைத்துவிட்டு, சும்மா இருக்கும்போது அதை உரிய இடத்துக்கு நகர்த்தும். அந்தப் பகுதி நிரம்பிவிட்டால் வேகம் நொடிக்கு 120 எம்பியிலிருந்து 20, 30 என்று சரியும். பழுது என்று பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் சரியாகும்.

1 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள இன்றைய 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்க, அதாவது காப்பு நகல் எடுக்க, இது தாராளமாகப் போதும். அதிலேயே வைத்து வீடியோ எடிட் செய்யவோ, மெய்நிகர் கணினிகள் ஓட்டவோ நினைத்தால் நொந்துபோவீர்கள். 3.5 அங்குலத்தில் இரண்டு ரகமும் உண்டு. எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றது பற்றி 2020இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு மூன்று தயாரிப்பாளர்களும் எந்த மாடல் எந்த ரகம் என்று வெளியிட்டிருக்கிறார்கள், வாங்குமுன் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

## வாங்குவதா, சேர்ப்பதா

புதுப் பெட்டி, புது டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் மிச்சமாகும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பல நேரம் நேர்மாறு: ரெடிமேட் எக்ஸ்டர்னல் டிஸ்க், அதே கொள்ளளவுள்ள வெறும் டிஸ்க்கைவிட மலிவாகவே விற்கும். ஈடாக அதன் உத்தரவாதக் காலம் குறைவாக இருக்கலாம், உள்ளே எந்த மாடல் வரும் என்றும் நம்மால் தேர்ந்தெடுக்க முடியாது.

சேர்ப்பது லாபம் தருவது, டிஸ்க் ஏற்கெனவே கையில் இருக்கும்போது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்குக்கு ஒரு பெட்டி மட்டும் வாங்கினால் போதும். பெட்டி வாங்குமுன் தடிமனை அளந்துகொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்க்குகள் 7 அல்லது 9.5 மில்லிமீட்டர், சந்தையில் உள்ள 2.5 அங்குலப் பெட்டிகள் பெரும்பாலும் 9.5 வரைதான் ஏற்கும். 4, 5 டெராபைட் ரெடிமேட் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் 15 மில்லிமீட்டர் இருக்கும், அது இதில் நுழையாது. எம்.2 எஸ்எஸ்டி, அதாவது சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டி, என்றால் அது சாட்டா பேசும் ரகமா, என்விஎம்இ என்ற வேறு மொழி பேசும் ரகமா என்று அதன் ஸ்டிக்கரில் பாருங்கள். உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, பெட்டிகள் பெரும்பாலும் வேறு வேறு. போர்டில் எந்த நிறுவனத்தின் சிப் என்று பெட்டியின் விவரத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அது நல்ல அறிகுறி. ஏஎஸ்மீடியா, ஜேமைக்ரான், ரியல்டெக் போன்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும்.

மாட்டும் வேலை பத்து நிமிடம்தான். முதலில் ஒரு உலோகப் பொருளைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். சாட்டா முனை ஒரு பக்கம் வளைந்த வடிவம், ஒரு விதமாக மட்டுமே போகும். நேராக, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்துங்கள். சாய்த்துத் தள்ளினால் பிளாஸ்டிக் நாக்கு முறியும். பெட்டியோடு வந்த குட்டைத் திருகையே பயன்படுத்துங்கள். டிஸ்க்கின் மூடியில் ‘இந்தத் துளையை மூடாதே’ என்று எழுதிய ஒரு பொடித் துளை இருந்தால் அது மூச்சுத் துளை. உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருக்க அது வேண்டும், அதன்மேல் பஞ்சோ டேப்போ ஒட்டாதீர்கள். 3.5 அங்குலத்துக்குப் பிளாஸ்டிக்கைவிட அலுமினியப் பெட்டி நல்லது. பல மணி நேர நகலெடுப்பில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். 45க்குள் வைத்திருக்கப் பாருங்கள்.

## முதல் நாளே சோதனை

நம்ப முடியாத குறைந்த விலைக்கு ‘16 டெராபைட் எஸ்எஸ்டி’ என்று விற்பவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கணினியிடம் 16 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரல் மாற்றப்பட்டிருக்கும். உண்மையான கொள்ளளவு முடிந்ததும் புதுத் தகவல் பழையதன் மேலேயே எழுதப்படும். கோப்புப் பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச நிரல்கள் இந்தக் குட்டை உடைத்துவிடும். ஆனால் 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவது மோசடி அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

நேர்மையான டிஸ்க்குக்கும் இந்த முழுச் சோதனை அவசியம். 2 டெராபைட்டை நொடிக்கு 100 எம்பி வீதம் எழுத ஐந்தரை மணி நேரம், திரும்பப் படிக்க இன்னொரு ஐந்தரை. இரவில் ஓடவிடுங்கள். தொழிற்சாலைக் குறையுள்ள டிஸ்க், மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதில் சிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏடு. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் அதைப் படித்துக் காட்டும். பட்டியல் நீளம், ஆனால் நாலு வரி போதும். 5ஆம் எண்: கெட்ட இடத்துக்குப் பதிலாக மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை. 197: படிக்கத் திணறும், சந்தேகத்தில் உள்ள இடங்கள். 198: படிக்கவே முடியாதவை. புது டிஸ்க்கில் இவை மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199: டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த எண்ணிக்கை; இது ஏறினால் குற்றவாளி டிஸ்க் அல்ல, இணைப்பு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கடைசி மூன்றும் சி5, சி6, சி7 என்று தெரியும்.

ஏடு சுத்தமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், கெட்டுப்போனவற்றில் 36 சதவீதத்துக்கும் மேலானவை வெப்பநிலை தவிர எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயின. மறுபக்கம், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாததைவிட அடுத்த 60 நாளில் கெட 39 மடங்கு வாய்ப்பு இருந்தது. அதாவது ஏடு கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள், நல்ல செய்தி சொன்னால் பாதி நம்புங்கள்.

## ஃபார்மட்டும் வெளியே எடுப்பதும்

டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே என்று எழுதிவைக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம், கடைக்காரரின் பேரேடு மாதிரி. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். பேரேட்டில் பதியுமுன் தனியே குறிப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு, நடுவில் மின்சாரம் போனாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். மேக், விண்டோஸ் இரண்டிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். அதற்கு அந்தப் பழக்கம் இல்லை, சடாரென்று பிடுங்கினால் பேரேடு குழம்பும். பழைய ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை முதன்முதலில் தயார் செய்யும்போது இடத்தைப் பிரித்துக் குறிக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மிச்ச இடம் கண்ணிலேயே படாது.

கூட்டமான நேரத்தில் கடைக்காரர் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார். கணினியும் அப்படிச் செய்யலாம். திரையில் நகலெடுப்பு முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் சீட்டு இன்னும் கையில் இருக்கும். ‘எஜெக்ட்’ என்பது எல்லாச் சீட்டையும் ஏற்றிவிட்டு வா என்ற உத்தரவு.

## மக்கர் செய்யும்போது

டிஸ்க் தெரியவில்லை என்றால் வரிசையாகப் போங்கள்: வேறு கேபிள், வேறு போர்ட், வேறு அடாப்டர், வேறு கணினி, கடைசியாக வேறு பெட்டி. செலவு குறைந்ததிலிருந்து ஏறும் வரிசை இது.

‘கடக் கடக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் ஹெட் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே அணையுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது தட்டைச் சுரண்டும். மெல்லிய ‘பீப்’ சத்தம் வந்தால் மோட்டாரால் சுழல முடியவில்லை. மின்சாரம் போதாமல் இருக்கலாம், ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம். கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த தட்டில் ஈரம் படியும், மிச்சமிருந்த வாய்ப்பும் அதோடு போகும். மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே கதைதான், ஒரு தூசு போதும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் திறக்கத் திணறுகிறது என்றால் பழுதுபார்க்கும் நிரலை முதலில் ஓட்டாதீர்கள். அது சாகக் கிடக்கும் டிஸ்க்கிலேயே எழுதும். டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு அப்படியே பிரதி எடுத்து, மீட்பு வேலையைப் பிரதியின் மேல் செய்யுங்கள்.

## இரண்டாவது டிஸ்க்

ஒரு டிஸ்க் வருடத்தில் கெட 2 சதவீத வாய்ப்பு என்று கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு டிஸ்க்குகள் அதே வருடத்தில் கெட 0.04 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் நான்கு. முதலாவது போனதும் புதிது வாங்கிப் பிரதி எடுத்துவிட்டால் ஆபத்து இன்னும் குறையும். எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒற்றை டிஸ்க் இந்த எண்ணை எட்டாது. கையில் இருப்பது ஒரு 4 டெராபைட் உயர்ரக டிஸ்க்குக்கான பணமா? சாதாரண 2 டெராபைட் இரண்டு வாங்குங்கள்.

‘தொடர்பில்லாத’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒரே திருட்டில் போகும். ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் இருந்தால் ஒரே இடியில் போகும். இரண்டு டிஸ்க் ஒரே பெட்டியில் கண்ணாடிபோல் ஒன்றையொன்று பிரதி எடுக்கும் ரெய்டு 1 பெட்டியும் இதற்கு ஈடாகாது. நீங்கள் தவறுதலாக அழித்ததை அது அடுத்த நொடியே இரண்டிலும் அழிக்கும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தாலும் அதே கதி. மாடலோ வாங்கிய காலமோ வேறாக இருக்கும் இரண்டு டிஸ்க், நகல் எடுக்கும் நேரம் தவிர இரண்டுமே கணினியில் செருகாமல், ஒன்று வேறொரு கட்டிடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி, அப்போது கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கங்கே பத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். அப்படியே ஸ்மார்ட்டின் அந்த நாலு வரியையும். 197 பூஜ்யத்திலிருந்து நகர்ந்து, முழுக்க எழுதிப் பார்த்த பின்னும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லையென்றால் அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள். 3.5 அங்குலமானால் அதே பெயரையும் ‘12 வோல்ட்’ என்பதையும் அதன் அடாப்டரிலும் ஒட்டிவிடுங்கள், 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும் அதே இழுப்பறையில்தானே கிடக்கும்.